கிட் பிராஞ்ச் பெயர்கள்: எது செல்லும், எது மோதும், மோதினால் எப்படிச் சரிசெய்வது – முழுமையான வழிகாட்டி

பெங்களூருவில் ஒரு மென்பொருள் குழுவில் கார்த்திக் என்ற பெயரில் மூன்று பேர் இருப்பது வெகு சாதாரணம். ஒருவர் சேலத்துக்காரர், ஒருவர் நெல்லூர், ஒருவர் மைசூரு என்று வைத்துக்கொள்வோம். முதல் கார்த்திக் தன் வேலைக்காக ‘கார்த்திக்’ என்றே ஒரு பிராஞ்ச் (மற்றவர் வேலையோடு கலக்காமல் மாற்றங்கள் செய்வதற்கான தனிக் கிளை) திறந்து சர்வருக்கு அனுப்பிவிடுகிறார். மறுநாள் இரண்டாமவர் ‘கார்த்திக்/லாகின்-பிழை’ என்று ஒன்று திறக்கிறார். அவருடைய மடிக்கணினியில் அது எந்தத் தடையும் இல்லாமல் உருவாகிவிடுகிறது. நாள் முழுவதும் வேலை செய்து, மாலையில் புஷ் செய்யும்போதுதான், அதாவது சர்வருக்கு அனுப்பும்போதுதான், சர்வர் மறுக்கிறது. இரண்டு பெயர்களும் வேறு வேறாகத்தானே இருக்கின்றன, பிறகு ஏன் மோதுகின்றன?

பிராஞ்சின் பெயர் ஒரு பாதை. இதைப் பிடித்துக்கொண்டால், நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து காக்கும் கருவியான கிட் விதிக்கும் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. அவை ஏன் இருக்கின்றன என்பது தானாகப் புரியும். எலக்ட்ரானிக் சிட்டியிலும் வைட்ஃபீல்டிலும் புதிதாக வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகளுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன். கீழே கட்டளைகளையும் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கட்டளைகளை டெர்மினலில் ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

படி 1: பெயர் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள்

காலியான ஒரு ஃபோல்டரை உருவாக்கி, அதில் ‘கிட் இனிட்’ கொடுத்து, ஏதாவது ஒரு கமிட் (மாற்றத்தின் பதிவு) செய்யுங்கள். அடுத்து:

கிட் பிராஞ்ச் பில்லிங்

இப்போது ‘.கிட்’ ஃபோல்டருக்குள் ‘ரெஃப்ஸ்’, அதற்குள் ‘ஹெட்ஸ்’ என்று போய்ப் பாருங்கள். ‘பில்லிங்’ என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பு இருக்கும். திறந்தால் உள்ளே இருப்பது 40 எழுத்துகள் கொண்ட ஒரு கமிட் அடையாளம், ஒரு வரிமுடிவு, அவ்வளவுதான். பிராஞ்ச் என்பது இந்தக் கோப்புதான். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலுக்காக கிட்டை எழுதிய காலம் தொட்டு, தனித் தரவுத்தளம் எதுவும் இல்லாமல் கோப்பு முறைமையின் மேலேயே ரெஃப்கள் (பிராஞ்ச் போல, கமிட்டைச் சுட்டும் பெயர்கள்) வாழ்ந்து வருகின்றன.

இனி இதைத் தட்டுங்கள்:

கிட் பிராஞ்ச் பில்லிங்/ரீஃபண்ட்

பூட்ட முடியவில்லை, ‘ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/பில்லிங்’ ஏற்கெனவே இருக்கிறது, ஆகவே ‘ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/பில்லிங்/ரீஃபண்ட்’ உருவாக்க முடியாது என்று பிழைச்செய்தி வரும். காரணம் எளிது. ‘ரீஃபண்ட்’ என்ற கோப்பை வைக்க ‘பில்லிங்’ என்று ஒரு ஃபோல்டர் வேண்டும். அந்த இடத்திலோ ‘பில்லிங்’ என்று ஒரு கோப்பு உட்கார்ந்திருக்கிறது. ஒரே பெயர் கோப்பாகவும் ஃபோல்டராகவும் இருக்க முடியாது. எதிர்த் திசையிலும் இதே கதைதான்: ‘பில்லிங்/ரீஃபண்ட்’ முதலில் இருந்தால் ‘பில்லிங்’ பிறக்காது. முதல் இரண்டு கார்த்திக்குகளுக்கும் நேர்ந்தது இதுவே.

ரெஃப்களைச் சுருக்கி ‘பேக்டு-ரெஃப்ஸ்’ என்ற ஒரே கோப்பில் அடுக்கும் வசதியும் கிட்டில் உண்டு. அப்படி அடுக்கிய பின் தனிக்கோப்பு இருக்காது. ஆனாலும் தடை நீடிக்கும். ஆகவே ஹெட்ஸ் ஃபோல்டரில் கோப்பு தென்படவில்லை என்பதை வைத்து, பிராஞ்ச் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ‘கிட் ஃபார்-ஈச்-ரெஃப்’ கட்டளைதான் நம்பத் தகுந்த சாட்சி.

படி 2: விலக்கப்பட்ட குறிகளைக் காரணத்தோடு தெரிந்துகொள்ளுங்கள்

பிராஞ்ச் பெயரில் இடைவெளி கூடாது. ~ ^ : ? * [ \ ஆகிய குறிகளும் கூடாது. இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்து வரக்கூடாது. @{ என்ற சேர்க்கை கூடாது. தனி @ மட்டும் பெயராக முடியாது. பெயர் புள்ளியில் முடியக்கூடாது. சாய்கோட்டில் தொடங்கவோ முடியவோ கூடாது. இரட்டைச் சாய்கோடு கூடாது. சிறுகோட்டில் தொடங்கினால் அதைக் கட்டளையின் விருப்பக்குறியாக எடுத்துக்கொள்ளும் என்பதால் அதுவும் விலக்கு. நீங்கள் இப்போது நிற்கும் இடத்தைக் குறிக்கும் ‘ஹெட்’ என்ற சொல்லைப் பேரெழுத்துகளில் பிராஞ்ச் பெயராக வைப்பதை 2018-இல் வந்த 2.16 பதிப்பிலிருந்து கிட் மறுக்கிறது.

இவற்றில் பெரும்பாலானவை கிட் தன் சொந்த மொழிக்காக ஒதுக்கிக்கொண்டவை. ~, ^ இரண்டும் ஒரு கமிட்டின் மூதாதையரைச் சுட்டுகின்றன. இரண்டு புள்ளிகள் ‘இதிலிருந்து அதுவரை’ என்ற வீச்சைக் குறிக்கின்றன, ‘வி1..வி2’ என்று ஒரு பிராஞ்ச் இருந்தால் அது பெயரா வீச்சா என்று யாராலும் சொல்ல முடியாது. முக்காற்புள்ளி, புஷ் செய்யும்போது எதை எங்கே அனுப்புகிறோம் என்பதைப் பிரிக்கிறது. @{ என்பது ரெஃப்லாகில் (ரெஃப்கள் முன்பு எங்கே நின்றன என்ற குறிப்பேட்டில்) பழைய நிலையைத் தேடுவதற்கு. ? * [ மூன்றும் பல பெயர்களை ஒரே தோரணையில் பிடிப்பதற்கு.

இரண்டு விதிகள் மட்டும் கோப்பு முறைமையிலிருந்து வந்தவை. ஆட்கள் அதிகம் தடுமாறுவதும் அங்கேதான். சாய்கோடுகளுக்கு இடையிலான எந்தத் துண்டும் புள்ளியில் தொடங்கக்கூடாது. எந்தத் துண்டும் ‘.லாக்’ என்று முடியக்கூடாது. இரண்டாவதை ஊன்றிக் கவனியுங்கள். ஒரு ரெஃப்பை மாற்றும்போது, வேறு யாரும் அதே நேரத்தில் தொடாமல் இருக்க, அதே பெயரோடு ‘.லாக்’ சேர்த்து ஒரு பூட்டுக்கோப்பை கிட் உருவாக்கிக்கொள்கிறது. பிராஞ்சின் பெயரே அப்படி முடிந்தால் பூட்டும் பிராஞ்சும் ஒன்றையொன்று மிதிக்கும். ஜாவாஸ்கிரிப்ட் குழுவில் ‘யார்ன்.லாக்’ என்ற கோப்பைத் திருத்துகிறவர் ‘ஃபிக்ஸ்/யார்ன்.லாக்’ என்று பெயர் வைக்க நினைப்பது மிக இயல்பு. கிட் அதை மறுத்துவிடும். ‘ஃபிக்ஸ்/யார்ன்-லாக்’ என்று வைத்தால் ஒரு தொல்லையும் இல்லை.

சந்தேகம் வந்தால் ஊகிக்க வேண்டாம், கிட்டையே கேளுங்கள்:

கிட் செக்-ரெஃப்-ஃபார்மேட் --பிராஞ்ச் ‘நீங்கள் நினைத்த பெயர்’

செல்லும் என்றால் பெயரைத் திருப்பி அச்சிடும். செல்லாது என்றால் பிழையோடு நிற்கும். தானியங்கி ஸ்கிரிப்ட் ஒன்று பிராஞ்ச் திறக்கப்போகிறது என்றால், அதற்கு முன் இந்த வரியைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.

படி 3: பெயர் மோதிவிட்டால்

“அண்ணா, ‘ரிலீஸ்’ என்று என்னிடம் எந்த பிராஞ்சும் இல்லை. ஆனாலும் ‘ரிலீஸ்/மார்ச்’ எடுக்க மாட்டேன் என்கிறது” என்று ஒருவர் வந்து நின்றால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: “உன்னிடம் இல்லை சரி, ஆரிஜினின் நிழல் உன்னிடம் இருக்கிறதா?” ஆரிஜின் என்பது நீங்கள் நகலெடுத்த சர்வருக்கு கிட் வழக்கமாக வைக்கும் பெயர்.

சர்வரில் உள்ள ஒவ்வொரு பிராஞ்சுக்கும் உங்கள் கணினியில் ‘ரெஃப்ஸ்/ரிமோட்ஸ்/ஆரிஜின்’ என்ற இடத்தில் ஒரு பிரதி இருக்கிறது. சர்வரில் யாரோ ‘ரிலீஸ்’ பிராஞ்சை நீக்கிவிட்டு ‘ரிலீஸ்/மார்ச்’ உருவாக்கிவிட்டார்கள். அங்கே இடம் காலியாகிவிட்டது. உங்கள் கணினியிலோ பழைய பிரதி இன்னும் இருக்கிறது. நீங்கள் ஃபெட்ச் செய்ததும் (சர்வரில் உள்ள புதியவற்றை இறக்கியதும்) புதியது வந்து பழையதன் மேல் மோதுகிறது. தீர்வு:

கிட் ரிமோட் ப்ரூன் ஆரிஜின்

பிறகு வழக்கம்போல ஃபெட்ச் செய்யுங்கள். இது சர்வரில் இல்லாதவற்றின் பிரதிகளை மட்டுமே கத்தரிக்கிறது. உங்கள் சொந்த பிராஞ்சுகளைத் தொடாது. தயங்காமல் செய்யலாம்.

மோதல் உங்கள் சொந்த பிராஞ்சுகளுக்குள் என்றால் பெயரை மாற்றினால் போதும்:

கிட் பிராஞ்ச் -எம் பில்லிங் பில்லிங்/அடிப்படை

கோப்பாக இருந்ததை எடுத்து, அதே பெயரில் ஃபோல்டர் உருவாக்கி, உள்ளே வைக்கும் வேலையை கிட் ஒரே மூச்சில் முடித்துவிடும். கமிட்டுகளுக்கு எந்தச் சேதமும் இல்லை. அதன்பின் ‘பில்லிங்/ரீஃபண்ட்’ தடையின்றி உருவாகும்.

சர்வரில் என்றால் வரிசை முக்கியம். முதலில் பழைய பிராஞ்சில் இருக்கும் எல்லாக் கமிட்டுகளும் உங்களிடம் இருக்கின்றனவா என்று ஃபெட்ச் செய்து உறுதிசெய்யுங்கள். அதைப் பயன்படுத்துகிறவர்களிடம் சொல்லுங்கள். திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்ட் (தன் மாற்றங்களை இணைக்கச் சொல்லும் கோரிக்கை) ஏதேனும் அந்தப் பெயரை நம்பி நிற்கிறதா என்று பாருங்கள். பிறகுதான் சர்வரிலிருந்து பழையதை நீக்கி, அடுத்த கட்டளையாகப் புதியதை அனுப்ப வேண்டும். பழைய பெயர் இருக்கும்வரை புதிய பெயருக்கு இடம் இல்லை என்பதால், இந்த வரிசையைத் தலைகீழாக்க முடியாது. வெள்ளிக்கிழமை மாலை, பாதிப் பேர் ஊருக்குப் போக ஓசூர் சாலையில் பஸ்ஸில் இருக்கும் நேரத்தில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். யாருடைய கணினியில் அனுப்பப்படாத வேலை இருக்கிறது என்று கேட்க ஆள் கிடைக்காது.

பூட்டுக்கோப்பு ஒன்று அனாதையாக நிற்பதாலும் இதைப்போன்ற செய்தி வரும். அதில் ‘.லாக்’ கோப்பு ஏற்கெனவே இருப்பதாகவும், வேறொரு கிட் செயல் ஓடிக்கொண்டிருக்கலாம் என்றும் இருக்கும். எடிட்டர் பின்னணியில் கிட்டை ஓட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, எதுவும் ஓடவில்லை என்று உறுதியான பிறகே அந்தக் கோப்பை நீக்குங்கள்.

படி 4: பேரெழுத்து, சிற்றெழுத்து

லினக்ஸ் சர்வருக்கு ‘லாகின்’ என்பதைப் பேரெழுத்தில் தொடங்கினால் ஒரு பெயர், சிற்றெழுத்தில் தொடங்கினால் வேறு பெயர். மேக், விண்டோஸ் கணினிகளின் இயல்பான கோப்பு முறைமைக்கு இரண்டும் ஒன்றே. நம் அலுவலகங்களில் பாதிப் பேர் கையில் மேக், சர்வர் லினக்ஸ். மோதலுக்கு வேறு என்ன வேண்டும்?

இதன் கெட்ட குணம், பிழைச்செய்தியே இல்லாமல் நடப்பது. உங்கள் மேக்கில் பேரெழுத்தில் தொடங்கும் ‘ஃபீச்சர்’ ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கிறது என்று கொள்ளுங்கள். சிற்றெழுத்தில் ‘ஃபீச்சர்/தேடல்’ என்று பிராஞ்ச் திறக்கிறீர்கள். கோப்பு அந்தப் பழைய ஃபோல்டருக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். ‘கிட் பிராஞ்ச்’ கொடுத்தால் பட்டியலில் பேரெழுத்துப் பெயர் தெரியும். ஆனால் நீங்கள் நிற்கும் பிராஞ்சாக கிட் நினைப்பது சிற்றெழுத்துப் பெயரை. நிற்கும் பிராஞ்சைக் காட்டும் நட்சத்திரக்குறி எந்தப் பெயருக்கு அருகிலும் இருக்காது. இந்த அறிகுறியைப் பார்த்தால் உடனே எழுத்து வடிவைச் சந்தேகியுங்கள். சர்வரில் இரண்டும் இருந்தால், மேக்கில் ஒவ்வொரு ஃபெட்சும் ஒன்றின் மேல் மற்றொன்றை எழுதிக்கொண்டே இருக்கும்.

சரிசெய்ய, லினக்ஸ் கணினியிலிருந்தோ, கிட்ஹப் போன்ற தளத்தின் பக்கத்திலிருந்தோ ஒன்றின் பெயரை மாற்றுங்கள். பிறகு மேக்கில் ப்ரூன் செய்யுங்கள். எழுத்து வடிவை மட்டும் மாற்றுவது என்றால், இடையில் முற்றிலும் வேறான ஒரு தற்காலிகப் பெயருக்கு மாற்றி, அங்கிருந்து வேண்டிய பெயருக்கு வருவது பாதுகாப்பு. விண்டோஸில் இன்னொரு வேலியும் உண்டு: ‘ஆக்ஸ்’, ‘கான்’, ‘நல்’ போன்ற சில சொற்கள் இயங்குதளத்துக்கே ஒதுக்கப்பட்டவை. லினக்ஸில் யாராவது ‘ஆக்ஸ்’ என்று பிராஞ்ச் திறந்தால் விண்டோஸ்காரருக்குத் தலைவலி.

இந்தப் படியின் தொல்லைகளுக்கு அடிப்படைத் தீர்வு ரெஃப்டேபிள் என்ற புதிய சேமிப்பு முறை. 2024-இல் வெளியான கிட் 2.45 பதிப்பில் அது வந்தது. அடுத்த பதிப்பான 2.46-இல், இருக்கும் களஞ்சியத்தையே (ரெப்போவையே) ‘கிட் ரெஃப்ஸ் மைக்ரேட்’ மூலம் அதற்கு மாற்றும் வசதியும் வந்தது. ரெஃப்கள் தனித்தனிக் கோப்புகளாக இல்லாததால் எழுத்து வடிவ மோதல் அங்கே எழாது. ஆனால் ‘பில்லிங்’, ‘பில்லிங்/ரீஃபண்ட்’ இரண்டும் சேர்ந்திருக்க அங்கும் அனுமதியில்லை. பழைய முறையில் இருக்கும் களஞ்சியங்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அந்தத் தடையைத் தக்கவைத்திருக்கிறார்கள்.

படி 5: டேக், கோப்பு, கமிட் அடையாளத்தோடு மோதல்

‘வி2.0’ என்று டேக்கும் (ஒரு கமிட்டுக்கு நிலையாக இடும் பெயர்) பிராஞ்சும் இருந்தால் கிட் தடுக்காது, எச்சரிக்க மட்டும் செய்யும். பொதுவான தேடலில் டேக் முந்திக்கொள்ளும். ‘கிட் ஸ்விட்ச்’ பிராஞ்சை எடுக்கும். புஷ் செய்தால் ஒன்றுக்கு மேற்பட்டவை பொருந்துகின்றன என்று நின்றுவிடும். முழுப் பாதையைக் கொடுத்தால் தீர்ந்தது:

கிட் புஷ் ஆரிஜின் ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/வி2.0

கோப்பின் பெயரும் பிராஞ்சின் பெயரும் ஒன்றாக இருந்தால் ‘செக்அவுட்’ குழம்பும். 2019-இல் வந்த ‘ஸ்விட்ச்’ கட்டளை பிராஞ்சை மட்டுமே பார்க்கும் என்பதால் அதற்கு மாறிவிடுங்கள். டிக்கெட் எண்ணை மட்டும் பெயராக வைப்பதையும் தவிருங்கள். ‘48213’ என்பது ஒரு கமிட் அடையாளத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம். முழு அடையாளம் போலவே தோன்றும் 40 எழுத்துப் பெயர்களையும், ‘ரெஃப்ஸ்/’ என்று தொடங்கும் பெயர்களையும் கிட்ஹப் ஏற்பதில்லை. ‘ஆரிஜின்/மெயின்’ என்று உள்ளூர் பிராஞ்சைத் தவறுதலாகத் திறந்துவிட்டால், அது ரிமோட் பிரதியை மறைத்துவிடும். உடனே நீக்கிவிடுங்கள்.

படி 6: தமிழில் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம், கிட் ஏற்கும். என் சொந்தக் களஞ்சியங்களில் வைத்துப் பார்த்திருக்கிறேன். தாய்மொழியில் பட்டியல் தெரிவது மனதுக்கு நிறைவாகவே இருக்கிறது. ஆனால் இரண்டு நுட்பங்கள் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை யுனிகோடில் இரு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக்குறி ஒன்றைச் சேர்த்து, அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பைட்டுகள் வேறு. ஒரு விசைப்பலகையில் ‘கொடுப்பனவு’ என்று திறந்த பிராஞ்சை இன்னொரு விசைப்பலகையில் தட்டினால், அப்படி ஒன்று இல்லை என்று கிட் சொல்லக்கூடும்.

அடுத்தது நீளம். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுகளுக்கு மேல் போக முடியாது, பூட்டின் ‘.லாக்’ ஐந்து பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள். ‘பெங்களூரு’ என்ற ஐந்தெழுத்தே ஒன்பது குறியீடுகள், 27 பைட்டுகள். கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் பேசுகிறவர்கள் சேர்ந்து வேலை செய்யும் பெங்களூரு அலுவலகக் களஞ்சியத்தில், எல்லோராலும் தட்டக்கூடிய எழுத்தில் வைப்பதே அவர்களுக்கு நாம் தரும் மரியாதை.

படி 7: பெயர் கிட்டை விட்டு வெளியே போகும் இடங்கள்

கிட் ஏற்ற பெயரை மற்றவர்கள் ஏற்பார்கள் என்று நம்பாதீர்கள். டாக்கர் படிமத்தின் (நிரலும் அது ஓட வேண்டியவையும் அடங்கிய பொதி) டேக்கில் சாய்கோடு கூடாது. 128 எழுத்துகளுக்கு மேல் கூடாது. இணையத்தளப் பெயரில் புள்ளிகளுக்கு இடையிலான ஒரு துண்டு 63 எழுத்துகளைத் தாண்டாது. முகவரியில் # வந்தால் அதற்குப் பின்னால் இருப்பதை உலாவி சர்வருக்கு அனுப்பாது.

ஆகவே கிட்லேப் தளம், சிஐ (நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும்) ஓட்டத்துக்காகப் பெயரைச் சுத்தம் செய்து ஒரு சுருக்கப் பெயரைத் தருகிறது: எல்லாம் சிற்றெழுத்து, எண்ணும் எழுத்தும் தவிர மற்றவை சிறுகோடு, நீளம் 63 பைட்டுகள். வசதியானதுதான். ஆனால் ‘கட்டணம்/யுபிஐ’, ‘கட்டணம்-யுபிஐ’ என்ற இரண்டு பிராஞ்சுகளை ஆங்கில எழுத்தில் வைத்தால், கிட்டுக்கு அவை வேறு; சுருக்கப் பெயரோ ஒன்றே. ஒருவருடைய முன்னோட்டச் சூழலின் மேல் இன்னொருவருடையது சத்தமில்லாமல் ஏறிவிடும். சோதனையாளர் பார்ப்பது எந்த நிரல் என்று இருவருக்கும் தெரியாது. இது நாள் கணக்கில் நேரத்தைத் தின்னும் பிழை.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது பாதுகாப்பு. அரைப்புள்ளி, டாலர் குறி, பின்சாய்ந்த ஒற்றை மேற்கோள், & ஆகியவற்றை கிட் அனுமதிக்கிறது; ஷெல்லுக்கு இவை கட்டளைகள். சிஐ ஸ்கிரிப்டில் பிராஞ்ச் பெயரை அப்படியே ஒட்டினால், பெயருக்குள் ஒளித்த கட்டளை உங்கள் பில்ட் கணினியில் ஓடும். 2024 டிசம்பரில் அல்ட்ராலிட்டிக்ஸ் என்ற பைத்தான் தொகுப்புக்குள் தீங்கு நிரல் நுழைந்தது இப்படி, புல் ரிக்வெஸ்டின் பிராஞ்ச் பெயர் வழியாகத்தான். பெயரை எப்போதும் சூழல் மாறியில் வைத்து, இரட்டை மேற்கோளுக்குள் மட்டுமே பயன்படுத்துங்கள். இதில் சமரசமே கூடாது.

படி 8: குழுவுக்கு ஒரு விதி, அதைக் காக்க ஒரு ஹூக்

நான் பரிந்துரைக்கும் விதி இது. ‘மெயின்’ போன்ற நிலையான பிராஞ்சுகள் நீங்கலாக, ஒவ்வொரு பெயரிலும் சரியாக ஒரே ஒரு சாய்கோடு. அதற்கு முன் வருவது முன்கூட்டியே முடிவு செய்த சொற்களில் ஒன்று: ஃபீச்சர், ஃபிக்ஸ், ரிலீஸ். அதற்குப் பின் சிற்றெழுத்து, எண், சிறுகோடு மட்டும். மொத்த நீளம் 50-க்குள்.

ஏன் சரியாக ஒன்று? எல்லாப் பெயர்களும் ஒரே ஆழத்தில் இருந்தால், எந்தப் பெயரும் இன்னொன்றுக்கு ஃபோல்டராக முடியாது. படி 1-இன் மோதல் அடியோடு போய்விடுகிறது. சிற்றெழுத்து மட்டும் என்பதால் படி 4 போகிறது. முன்சொல்லில் சிறுகோடு இல்லை, நீளமும் 63-க்குக் கீழே என்பதால் இரண்டு பெயர்கள் ஒரே சுருக்கப் பெயராகச் சுருங்காது. ஆட்பெயரை முன்சொல்லாக வைக்காததால் எத்தனை கார்த்திக் வந்தாலும் கவலையில்லை. வேலையை யார் செய்கிறார் என்பது கமிட்டிலேயே இருக்கிறது.

காவலைச் சர்வரில் வையுங்கள். ஒவ்வொருவர் கணினியிலும் உள்ள ப்ரீ-புஷ் ஹூக் (புஷ்ஷுக்கு முன் தானாக ஓடும் சிறு ஸ்கிரிப்ட்), களஞ்சியத்தை நகலெடுக்கும்போது கூடவே வராது. வந்தாலும் தாண்டிப்போக வழி உண்டு. சொந்த சர்வர் என்றால் ப்ரீ-ரிசீவ் ஹூக் எழுதுங்கள். அதற்கு வரும் ஒவ்வொரு வரியிலும் பழைய அடையாளம், புதிய அடையாளம், ரெஃப்பின் முழுப்பெயர் என மூன்று துண்டுகள் இருக்கும். மூன்றாவதை உங்கள் தோரணையோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் காரணத்தைத் தெளிவாக அச்சிட்டு மறுத்துவிடுங்கள். ‘பெயர் தவறு’ என்று மட்டும் சொல்லும் ஹூக் எரிச்சலைத்தான் வளர்க்கும். சரியான பெயருக்கு ஓர் எடுத்துக்காட்டையும் சேர்த்துத் தாருங்கள். புதிய அடையாளம் முழுக்கப் பூச்சியமாக இருந்தால் அது நீக்கம், அதைத் தடுக்காதீர்கள். இல்லையென்றால் பழைய தவறான பெயர்களை யாராலும் அகற்ற முடியாது.

நிரல் சார்ந்திருக்கும் தொகுப்புகளைப் புதுப்பிக்கும் டிபெண்டபாட் போன்ற தானியங்கிகள் பல சாய்கோடுகளோடு பெயர் வைக்கும். அவற்றின் முன்சொல்லுக்கு விலக்குக் கொடுங்கள். டிபெண்டபாட்டின் அமைப்பில் பிரிப்புக் குறியைச் சிறுகோடாக மாற்றவும் இடமுண்டு. மாற்றினால் விலக்கையும் அந்தச் சிறுகோட்டுப் பெயருக்கு ஏற்பத் திருத்துங்கள்.

விதியை அமலாக்கும் முன், சர்வரில் உள்ள பிராஞ்ச் பட்டியலை ‘கிட் எல்எஸ்-ரிமோட் --ஹெட்ஸ்’ மூலம் எடுத்து, எல்லாவற்றையும் சிற்றெழுத்தாக்கி, வரிசைப்படுத்தி, இரட்டிப்பானவற்றைப் பாருங்கள். பிறகு முன்சொல் மட்டும் தனியாக பிராஞ்சாக இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றை உரியவர்களிடம் பேசி மாற்றுங்கள். மற்றவை தம் வேலை முடிந்து இணைக்கப்பட்டதும் தாமாக மறையட்டும். மாற்றிய மறுநாள் காலை குழுவில் ஒவ்வொருவரும் தம் கணினியில் ஒருமுறை இதைத் தட்டினால், பழைய பிரதிகள் ஒவ்வொரு ஃபெட்சிலும் தாமே கத்தரிக்கப்படும்:

கிட் கான்ஃபிக் --குளோபல் ஃபெட்ச்.ப்ரூன் ட்ரூ